இடது முன்சக்கரம்

மார்ச் 3, திங்கள்

தம்பிராஜ் எதையோ மறைக்கிறான். என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

ஃபியட்டை அவன் பட்டறையில் விட்டு ஒரு வாரம் தாண்டிவிட்டது. வேலை பெரிதொன்றும் இல்லை. அறுபதுகளில் வந்த வண்டி. அந்த அளவு டயர் இப்போது கிடைப்பதில்லை. போன மாதம் கொஞ்சம் அகலமான டயர் வாங்கி நாலு சக்கரத்துக்கும் மாட்டினேன். அதிலிருந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் இடது முன்சக்கரம் மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறது. நேராகப் போகும்போதும் வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. வலது சக்கரத்துக்கும் அதே டயர், அதே மட்கார்டு. அங்கே உரசவில்லை. இதுதான் என் மண்டையைக் குடைகிறது.

இன்று நேரில் போய்க் கேட்டேன்.

"இடது சக்கரத்தோட தலை வெளிய சாஞ்சிருக்குதுங்ணா" என்றான் தம்பிராஜ். "அடியில பக்கவாட்டுல பலமா இடி விழுந்தா இப்படி ஆகும். எங்கயாச்சும் கல்லுல ஏத்துனீங்களா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்ணா."

யோசிக்க என்ன இருக்கிறது. ஓட்டுகிறவன் நான். இடித்தால் எனக்குத் தெரியாதா? மோட்டார் பம்பு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மைக்ரோமீட்டரில் தலைமுடி கனத்தைப் படிக்கிறவன். தன் தவறை மறைக்க வருகிறவன் முதலில் நம்மைத்தான் கேள்வி கேட்பான். இதைப் பட்டறைக்குப் பட்டறை பார்த்திருக்கிறேன்.

மனைவி கனகு இன்று கொள்ளு ரசம் வைத்திருந்தாள். நன்றாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

வண்டி வந்துவிட்டது. மட்கார்டின் உள்விளிம்பைச் சூடுகாட்டி மடக்கியிருக்கிறான். சக்கரத்தின் சாய்வை நிமிர்த்தி, இரண்டு முன்சக்கரங்களின் நேரும் பார்த்திருக்கிறான். இப்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழைகிறது. ஒப்புக்கொள்ள வேண்டும், வேலை சுத்தம்.

அடுத்த மாதம் மகள் நித்திலா ஷார்ஜாவிலிருந்து பேரனோடு வருகிறாள். பேரனை நான் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்துக்கு இந்த வண்டியில்தான் போவேன், அவனை முன்சீட்டில் அம்மா மடியில் உட்காரவைத்து நானே ஓட்டி வருவேன் என்று சொல்லியாகிவிட்டது. கனகு "வாடகை வண்டியில போலாமே" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மருதமலைக்குப் போய் வந்தோம். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. கனகுதான் பயணத்தைக் கெடுத்தாள். வழி முழுக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "பாத்துங்க, பாத்துங்க" என்றே வந்தாள். திரும்பும்போது வடவள்ளி தாண்டி ஒரு இடத்தில் "ஏனுங்க, எதோ ஒரசுன மாதிரி இருந்துச்சே, நிறுத்துங்க" என்றாள். கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்தாள். சாலையில் ஜல்லி கிடந்தது, அதுதான் அடியில் தட்டியிருக்கும் என்றேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தவில்லை.

அதன் பிறகு வீடு வரை அவள் பேசவில்லை. கோபத்துக்குக் காரணம் கேட்டால் தலைவலி என்கிறாள்.

வீடு வருவதற்குள் வண்டி மறுபடியும் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே ஷெட்டில் இறங்கிவிட்டேன். வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டூல் வைத்து, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூலை விறைப்பாகக் கட்டினேன். நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் ஸ்கேலில் அளக்க வேண்டும். இரண்டு முன்சக்கரங்களும் முன்பக்கத்தில் ஒன்றையொன்று மிக லேசாகப் பார்த்தபடி இருந்தால் வண்டி நேராக ஓடும். வலது சரி. இடது சக்கரம் வெளியே பார்க்கிறது. மூன்று முறை அளந்தேன். நடுவில் இடப்பக்கத்து ஸ்டூல் என் காலில் தட்டி விழுந்து முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஸ்டூலை நான் அவ்வளவு கிட்டே வைத்த ஞாபகம் இல்லை.

இன்னொன்று. இடது மட்கார்டில் பச்சை நிறத்தில் ஒரு நீளக் கீற்று. என் வண்டி வெண்ணெய் நிறம். இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? பட்டறையில் வேறு வண்டியோடு மோதவிட்டு, அதை மறைக்கத்தான் "எங்கயாச்சும் இடிச்சீங்களா" என்று என்னையே கேட்டிருக்கிறான். மோதிய வேகத்தில், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு வளைந்திருக்கும். அதை ஒப்புக்குச் சரிசெய்து அனுப்பியிருக்கிறான்.

கனகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கீற்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். "என்ன ஆமாம்?" என்றேன். "பச்சைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

குளியலறைக் கதவில் தோளை இடித்துக்கொண்டேன். இடது தோள். தைலம் தேய்த்தது கனகு. எதிர்வீட்டு ஆறுமுகம் தான் வணக்கம் வைத்தும் நான் கண்டுகொள்ளாமல் போனதாக அவளிடம் குறைப்பட்டானாம். அந்த ஆளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை.

மார்ச் 14, வெள்ளி

வண்டியைத் திரும்பவும் பட்டறையில் விட்டேன். பச்சைக் கீற்றைக் காட்டி, "இது எப்படி வந்தது?" என்று கேட்டேன். எகிறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எகிறவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"விட்டுட்டுப் போங்ணா. மெதுவாப் பாத்துக் குடுக்கறேன்."

"மெதுவாக என்றால்?"

"சக்கரம் திரும்பற எடத்துல கிங் பின் புஷ் தேஞ்சிருக்குது. மெட்ராஸ்ல இருந்து வரோணும். நாள் ஆகுங்ணா."

போன வாரம் தேயாத புஷ் இந்த வாரம் எப்படித் தேயும்? கேட்டேன். சிரித்தான். குற்றம் உள்ளவனின் சிரிப்பு.

மார்ச் 18, செவ்வாய்

எழுத வேண்டுமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது சந்தேகம் அல்ல. கண்ணில் பட்டதைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

கனகு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கையில் ஒரு பையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். சாமிக்கு யாரும் ஹார்லிக்ஸ் வாங்கிப்போவதில்லை. நான் மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அவள் ஆட்டோ வடவள்ளிப் பக்கம் திரும்பியது. கோயில் எதிர்த்திசையில் இருக்கிறது.

மாலை வந்தவளிடம் கூட்டம் எப்படி என்றேன். "கூட்டமே இல்லீங்க" என்றாள். நெற்றியில் திருநீறு இருந்தது. பையில் எதுவும் இல்லை.

மார்ச் 22, சனி

கனகு துணி காயப்போடப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். "அக்கா, அண்ணன் இன்னிக்கு ஆள விட்டுக் கேட்டாரு, நான் புஷ் வரலைன்னே சொல்லிட்டேன்" என்றது குரல். தம்பிராஜ். நான் எதுவும் பேசாமல் வைத்துவிட்டேன். பழைய அழைப்புகளைப் பார்த்தேன். அவனோடு பலமுறை பேசியிருக்கிறாள்.

என் வண்டியைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேச இவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஃபியட்டை விற்கப்போகிறார்கள் என்று தோன்றுகிறது. கனகுவுக்கு அந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தம்பிராஜ் ஆள் பார்த்துவைத்திருப்பான். நித்திலா வந்ததும் அவளை வைத்தே என்னைச் சம்மதிக்கவைப்பார்கள்.

கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிடப் பிடிக்கவில்லை. கனகு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

முன்கூட்டிச் சொல்லாமல் பட்டறைக்குப் போனேன். தம்பிராஜ் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். ஃபியட் மூலையில் துணி போர்த்தி நின்றது. துணியைத் தூக்கினேன். நாலு சக்கரமும் தரையில். முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. பையில் கொண்டுபோயிருந்த நூலையும் ஸ்கேலையும் எடுத்து அளந்தேன். இரண்டு சக்கரமும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தன. மட்கார்டிலும் உரசல் இல்லை.

வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மெட்ராஸ் புஷ் என்பது கட்டுக்கதை.

என் சந்தேகம் பொய்த்ததில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மாற்றுச் சாவியோடு போனேன். தம்பிராஜ் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். நான் ஃபியட்டைக் கிளப்பும் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தான். கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றான்.

"அண்ணா, வேண்டாங்ணா. நான் கொண்டாந்து விடறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"நகர்."

"அக்காவுக்கு ஒரு போன் பண்ணிக்கறேனுங்ணா."

அந்த வார்த்தை போதும் எனக்கு. கிளட்சை விட்டேன். அவன் ஒதுங்கினான். கண்ணாடியில் பார்த்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறான். வீடு வரை விடாமல் வந்து, தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். வாசலில் கனகு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் இடப்பக்கத்தைத்தான் பார்த்தாள்.

மார்ச் 26, புதன்

நூல் கட்டி அளந்தேன். இடது சக்கரம் மறுபடியும் வெளியே பார்க்கிறது.

நேற்று முன்தினம் நானே என் கையால் அளந்தது. நடுவில் ஓடியது பட்டறையிலிருந்து வீடு வரை மட்டும். இடது ரிம்மின் ஓரம் நசுங்கி, அதில் சிமெண்டும் மஞ்சள் கறுப்புப் பெயிண்டும் ஒட்டியிருக்கிறது. சாலையில் தடுப்புக் கல்லில் அடிப்பார்களே, அந்தப் பெயிண்ட். அவினாசி சாலையில் திரும்பும் இடத்தில் இடப்பக்கமாக அப்படி ஒரு கல்திட்டு இருக்கிறது. நான் அதன் பக்கமே போகவில்லை.

இரவோடு இரவாக ரிம்மை மாற்றியிருக்கிறார்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஷெட் பூட்டியிருந்தது. சாவி என்னிடம்.

எப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை. நாளைக்குத் தம்பிராஜை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டுவிட வேண்டியதுதான்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் தம்பிராஜ் வந்தான். ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். கனகுவையும் கூப்பிட்டேன். என்னிடம் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வராத புஷ், போன் பேச்சு, முடிந்த வேலையை முடியவில்லை என்றது, வடவள்ளிக்குப் போன ஆட்டோ. "வண்டியை யாருக்கு விற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

தம்பிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "விக்கறதுக்கில்லீங்ணா. நீங்க ஓட்டக்கூடாதுன்னுதான்."

"யார் சொன்னது?"

"நான்தாஞ் சொன்னேன்" என்றாள் கனகு. "வண்டி பட்டறையிலயே கெடக்கட்டும், நித்திலா வந்துட்டுப் போற வரைக்குமாச்சும்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். தம்பி மேல தப்பில்லீங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. கத்தி முடித்துவிட்டு ஒரு பதிலுக்காக நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. சொல்வதைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டாள் என்று நினைத்தேன். தம்பிராஜைப் பார்த்து, "எங்கே போனாள் அவள்? கூப்பிடு" என்றேன்.

அவன் கண் என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

தலையைத் திருப்பினேன். கனகு அங்கேதான் இருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். நகரவே இல்லை. இவ்வளவு நேரமும் அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள்.

நான் மறுபடி நேராகப் பார்த்தேன். அவள் மறைந்தாள். இருட்டு ஒன்றும் இல்லை, திரை ஒன்றும் இல்லை. சுவர் இருந்தது, ஷெட் இருந்தது. அவள் மட்டும் இல்லை. திரும்பினேன், இருந்தாள். இப்படியே சில தடவை செய்து பார்த்தேன்.

பிறகு கனகு ஷெட்டின் படியில் உட்கார்ந்து சொன்னாள். மருதமலையிலிருந்து வந்த அன்று நான் உரசியது ஜல்லி அல்ல, ஸ்கூட்டர். பச்சை ஸ்கூட்டர். ஓட்டி வந்த பெண் சாலையோரம் விழுந்ததை இவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் அந்த இடத்தில் கடை கடையாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஹேமலதா என்று பெயர், தையல் சொல்லித் தருகிறவள். முழங்கை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அவளுக்கு.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"பொங்கலப்பவே கண்ணு டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னேனுங்க. தட்டத் தள்ளி உட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க. ரெண்டு நாள் எங்கூடப் பேசுல. மறுபடி எப்படிங்க சொல்றது?"

தம்பிராஜ் சொன்னான்: "செவ்வாக்கெழம நான் பைக்ல பின்னாடியே வந்தனே, அது வம்புக்கில்லீங்ணா. உங்க இடப்பக்கமா எந்த வண்டியும் வராம மறிச்சுக்கிட்டு வந்தேன். அந்தக் கல்லுல ஏத்துனப்ப மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல."

மார்ச் 28, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்கச் சொன்னார்கள். அங்கங்கே புள்ளி வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு நடுவில் ஒன்றிரண்டைத் தவிர வெளிச்சம் வரவே இல்லை. மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் ஓடுகிறது என்றாள். பழுது பார்த்த தேதி என்ன, யார் சோதித்தது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். செய்தாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது, இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், வலது கண்ணிலும் ஓரத்தில் தொடங்கிவிட்டது என்றார்.

"நான் இன்றைக்கும் ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் படிக்கிறேனே."

"படிப்பீங்க சார். நேர்பார்வை கடைசியிலதான் போகும். அதனாலதான் பல பேருக்குத் தெரியறதே இல்ல. போனது திரும்பாது. சொட்டு மருந்து ஒழுங்கா விட்டா இருக்கறதக் காப்பாத்தலாம்."

"வண்டி?"

அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

மருந்துக் கடையில் பாட்டிலில் போட்டிருந்த பெயரையும் சீட்டில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரன் முறைத்தான். முறைக்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஹேமலதா வீட்டுக்குப் போனேன். கனகு வருகிறேன் என்றாள். வாசல் வரை வா போதும் என்றேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைக்குக் கட்டுப் போட்டு கழுத்தில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருந்தாள். தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அந்தம்மா நாலஞ்சு தடவ வந்தாங்க, சார். அவங்க மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா நீங்க நிறுத்தவே இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல. பழைய காரு வெச்சிருக்கற பெரிய மனுசன், கீழ கெடக்கறவ கண்ணுக்குத் தெரிவாளான்னு அன்னிக்கு பூரா நெனச்சுட்டே இருந்தேன்."

நான் நல்ல பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். டாக்டர் கொடுத்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் பாதிப் பழி கழிந்துவிடும். அவள் கைக்கட்டைப் பார்த்தபோது அதை எடுக்கக் கூசியது.

"தெரியவில்லை அம்மா" என்றேன். "உங்களை நான் பார்க்கவில்லை. நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. அது கண் செய்த தப்பு இல்லை."

அவள் கைக்கட்டைத் தடவியபடி, "கட்டு அவுத்தாத்தான் தெரியும், கை முழுசா மடங்குமான்னு" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேரே காவல் நிலையம் போய், இடித்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கனகு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

ஏப்ரல் 12, சனி

தம்பிராஜ் புது ரிம் போட்டு, இடது சக்கரத்தை நேர் பார்த்து, காலையில் வண்டியோடு வந்தான். நூல் கட்டி அளந்தேன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். சரியாகத்தான் இருந்தது. அவனே ஓட்டினான். நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தேன். அவன் கியர் மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டாவது கியரை ரொம்ப நேரம் இழுக்கிறான். சொன்னேன். சரிங்ணா என்றான், அப்புறமும் இழுத்தான்.

போகும் வழியில் கனகு பின்சீட்டிலிருந்து, "நித்திலா கேட்டா ஒங்களுக்குக் கால் வலின்னு சொல்லிக்கலாங்க. மொதல்ல கொழந்தையப் பாத்து சந்தோசப்படட்டும்" என்றாள். தம்பிராஜும் ஆமாம் போட்டான். மறுபடியும் இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

விமானம் கொஞ்சம் தாமதம். நித்திலா வெளியே வந்ததும் குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தான். என் மூக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். கனகு என் இடப்பக்கமாக ஒட்டியே வந்தாள். தம்பிராஜ் டிரைவர் சீட்டில் ஏறுவதைப் பார்த்து நித்திலா நின்றுவிட்டாள்.

"என்னப்பா, நீங்க ஓட்டலியா? இத்தன நாளா அதத்தான சொல்லிட்டிருந்தீங்க."

கனகு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியறதில்ல, சாமி. ஒரு பொண்ண இடிச்சுத் தள்ளிட்டேன். இனி நான் ஓட்ட மாட்டேன்."

நித்திலா என் முகத்தையும் அவள் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையிலிருந்து வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து, "நீங்களே வெச்சுக்கிட்டு உக்காருங்கப்பா" என்றாள்.